தொட்ட காய்

என் மகளிடம் நான் சதுரங்கத்தில் தோற்க இருபத்திரண்டு நிமிடம் ஆகும். குத்துமதிப்பாகச் சொல்லவில்லை. அந்த அறையில் சுவர்க் கடிகாரத்தை விட்டால் பார்ப்பதற்கு வேறு ஒன்றும் கிடையாது. சனிக்கிழமை காலை பத்து மணிக்கு அவளைக் கொண்டுவந்து விடுவார்கள். பத்தரைக்குள் என் ராஜா ஏதாவது ஒரு மூலையில் மாட்டிக்கொண்டு முழிப்பார். அவள் காய்களைப் பையில் போட்டுவிட்டு ஒரு புத்தகத்தை எடுத்து விரித்துக்கொள்வாள். பன்னிரண்டு மணி வரை அந்தப் புத்தகத்தின் பின்னட்டையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பது என் வேலை.

பிரிந்துபோன பெற்றோர் பிள்ளைகளைச் சந்திப்பதற்கென்று நீதிமன்றம் வைத்திருக்கும் அறை அது. பச்சை நாற்காலிகள், சக்கரம் கழன்ற பொம்மை லாரி, சுவரில் யாரோ ஆர்வக்கோளாறில் வரைந்த மீன்கள். மூலை மேஜையில் ஒரு அதிகாரி அம்மா உட்கார்ந்து யார் எத்தனை மணிக்கு வந்தார்கள், போனார்கள் என்று எழுதிக்கொண்டிருப்பார். நான் குடிகாரனோ அடிக்கிறவனோ இல்லை, தப்பாக நினைத்துவிடாதீர்கள். மகளை என் வீட்டுக்கே அழைத்துப்போகலாம் என்றுதான் முதலில் உத்தரவு. அவள்தான் வரமாட்டேன் என்றாள். சரி, அப்படியானால் இந்த அறையில் பார்த்துக்கொள்ளுங்கள் என்றார்கள். நானும் சரி என்றேன்.

நான் எல்லாவற்றுக்கும் சரி என்கிறவன். என் மனைவி என்னை விட்டுப் போனதற்குக் காரணமே அதுதான். "உங்ககூட வாழவும் முடியல, சண்டை போடவும் முடியல. சுவத்துகிட்ட பேசுற மாதிரி இருக்கு" என்றாள். அதற்கும் நான் சரி என்று சொன்னதாக ஞாபகம். நீதிமன்றத்தில் எங்கள் வழக்கு பதினோரு நிமிடத்தில் முடிந்தது. அவள் வக்கீலே கொஞ்சம் ஏமாந்துபோன மாதிரி இருந்தார்.

அதற்குப் பிறகு எனக்கு உடம்பும் மனசும் மரத்துப்போய்விட்டன. சோகம் என்று சொன்னால் பொய். சோகமாக இருந்தாலாவது பரவாயில்லையே! லிஃப்ட் மெக்கானிக் நான். ஒரு நாள் லிஃப்டுக்கு எதிராக ஏறி இறங்கும் எடைக்கட்டையின் சட்டத்தில் கட்டைவிரல் நசுங்கி, ஸ்பேனர் கைப்பிடியில் ரத்தத்தைப் பார்த்த பிறகுதான் அது என் விரல் என்றே தெரிந்தது. சாப்பாடு உப்பா உறைப்பா என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது. சனிக்கிழமைகளில் மகளைப் பார்க்கும்போதும் அப்படித்தான். பெற்ற பிள்ளை எதிரே உட்கார்ந்திருக்கிறாள், உள்ளே ஒன்றும் அசையவில்லை என்றால் அவன் என்ன மனுஷன்? அது ஒன்றுதான் எனக்குப் பயமாக இருந்தது.

ஒரு சனிக்கிழமை அதிகாரி அம்மா என்னை மேஜைக்குக் கூப்பிட்டார்.

"உங்க பொண்ணுக்குப் பன்னெண்டு வயசு முடியுதுல்ல? இன்னும் ஏழு வாரத்துல அவளைத் தனியா உக்கார வெச்சுக் கேப்போம். தொடர்ந்து வர்றியா, வேணாமான்னு. வேணாம்னு சொல்லிட்டா அதோட நிறுத்திடுவாங்க. முன்கூட்டியே சொல்லி வைக்கிறேன்."

"சரிங்க மேடம்" என்றேன்.

வெளியே வந்து வண்டியில் உட்கார்ந்தபோது சாவியைத் துவாரத்தில் நுழைக்க முடியவில்லை. நான்கைந்து தடவை முயன்றேன். அப்புறம் பார்த்தால் அது வீட்டுச் சாவி.

எங்கள் கம்பெனியில் கன்ட்ரோல் ரூம் அக்கா என்று ஒருத்தி உண்டு. யாராவது லிஃப்டுக்குள் மாட்டிக்கொண்டு அவசர பொத்தானை அமுக்கினால் அவளுக்குத்தான் அழைப்பு போகும். "பதறாதீங்க, ஆள் வந்துட்டே இருக்கார்" என்று சொல்லிக்கொண்டே, இன்னொரு காதில் எனக்குப் போன் போட்டு, "எங்கய்யா இருக்கே, எருமை மாதிரி அசையாம?" என்பாள். இரண்டும் ஒரே வாய்தான். கல்லூரியில் சதுரங்கக் கோப்பை வாங்கியவள். இப்போதும் பஸ்ஸில் வரும்போது போனில் முகம் தெரியாத ஆட்களோடு ஆடி, ஜெயித்தால் பக்கத்து இருக்கைக்காரரிடம் காட்டுவாள்.

அவளிடம்தான் விஷயத்தைச் சொன்னேன். இருபத்திரண்டு நிமிடத்தை ஒரு மணி நேரமாக்க வேண்டும் என்றேன்.

"உன் பொண்ணு எப்பவும் வெள்ளையா?"

"ஆமாக்கா. முதல் நாளே வெள்ளையை எடுத்துக்கிட்டா. நான் ஒண்ணும் சொல்லல."

"நீ எதுக்குத்தான் சொன்னே! சரி, அவ ராஜா முன்னாடி இருக்கிற சிப்பாயைத் தள்ளுவா. நீ?"

"நானும் அதையே தள்ளுவேன்."

"அப்புறம் சுத்தி வேலி கட்டிக்கிட்டு குத்த வெச்சு உக்காந்துருப்பே. அவ வந்து நிதானமா கழுத்தை நெரிப்பா. கொட்டாவி விட்டுக்கிட்டே ஜெயிப்பா, பாவம். தம்பி, உனக்கு டிராகன் சொல்லித்தர்றேன்."

சிசிலியன் டிராகன். கறுப்புக் காய்க்காரர்கள் ஆடும் தடுப்பாட்டங்களில் கத்தி மாதிரியான ஆட்டமாம். சிப்பாய்கள் நிற்கும் வரிசை டிராகனின் உடம்பு மாதிரி இருக்கிறது என்றாள். எனக்கு உடைந்த படிக்கட்டு மாதிரித்தான் தெரிந்தது. விஷயம் இதுதான்: வெள்ளை ராஜா ஒரு ஓரத்துக்குப் போவார், கறுப்பு ராஜா மறு ஓரத்துக்குப் போவார். அப்புறம் தடுப்பதற்கெல்லாம் நேரமில்லை. அவள் என் ராஜாவை நோக்கிச் சிப்பாய்களை விரட்டுவாள், நான் அவள் ராஜாவை நோக்கிப் பாய வேண்டும். யார் ஒரு நகர்த்தல் முந்துகிறார்களோ அவர்களுக்கு ஆட்டம்.

"பேரு தடுப்பாட்டம்கிறீங்க, தடுக்கவே மாட்டேங்குதே" என்றேன்.

"தடுத்துக்கிட்டே இருந்தா என்ன ஆகும்னு உனக்குத் தெரியாதா?" என்றாள் அக்கா. "அப்புறம் இன்னொண்ணு. இதுல அவ யோசிச்சாகணும். யோசிக்கிறவ எந்திரிச்சுப் போகமாட்டா."

லிஃப்ட் மெஷின் ரூம்களில் உட்கார்ந்து படித்தேன். மொட்டை மாடியில் தகரக் கதவு போட்ட அறை, மோட்டார் சூடு, கிரீஸ் வாசனை. ஒரு பக்கம் கயிற்றின் இழை அறுந்திருக்கிறதா என்று துணியை வைத்துத் தடவிப் பார்ப்பேன். இன்னொரு பக்கம் போனை ஒலிபெருக்கியில் வைத்து அக்கா கேட்பாள், "அவ மந்திரியை நடுவுல கொண்டுவந்துட்டா, இப்ப என்ன பண்ணுவே?" தப்பாகச் சொன்னால் திட்டு விழும். நடுவில் யாராவது பொத்தானை அமுக்கிவிட்டால் "பதறாதீங்கம்மா" என்று குரல் தேனாகும். மீண்டும் என் பக்கம் வரும்போது தேனெல்லாம் வடிந்திருக்கும்.

மண்டை காய்ந்தது. நாற்பத்து நான்கு வயதில் மனப்பாடம் செய்வது லேசுப்பட்ட காரியமா? ஒவ்வொரு லிஃப்டுக்கும் ஒரு சர்வீஸ் அட்டை தொங்கும். அதில் ஒரு நாள், பிரேக் சரி, கதவு சரி, மூலையில் மந்திரி சரி என்று எழுதிக் கையெழுத்தும் போட்டுவிட்டேன். கட்டிட மேனேஜர் போன் செய்து, மந்திரி என்பது எந்தப் பாகம், புதிதாகப் போட்டீர்களா, அதற்குத் தனியாகக் காசு கேட்பீர்களா என்று விசாரித்தார். அக்கா விழுந்து விழுந்து சிரித்தாள். நானும் சிரித்திருக்க வேண்டிய இடம் அது. வாயைச் சிரிப்பதுபோல வைத்துக்கொண்டேன்.

அந்த மந்திரிதான் இந்த ஆட்டத்துக்கு உயிர். மூலையில் பிள்ளைப்பூச்சி மாதிரி உட்கார்ந்திருப்பான். ஆனால் பலகையின் குறுக்கே எதிரி ராஜாவின் வீட்டு வாசல் வரை அவன் பார்வை போகும். நடுவில் ஒரு வெள்ளைக் குதிரை காவல் நிற்கும். அந்தக் குதிரையை உன் யானையைக் கொடுத்தாவது வெட்டு என்பாள் அக்கா.

"யானை பெரிசு, குதிரை சின்னதாச்சேக்கா?"

"நஷ்டம்தான். அப்படிக் குடுத்தாத்தான் கதவு திறக்கும். பயந்து பயந்து யானையை வீட்லயே வெச்சிருந்தா உன்னைப் புதைக்கும்போது கூடவே வெச்சுப் புதைக்க வேண்டியதுதான்."

முதல் சனிக்கிழமை டிராகனை ஆடியபோது பதினைந்தாவது நகர்த்தலில் செத்தேன். ஆனால் முதல் நகர்த்தலில் வழக்கமான சிப்பாயை விட்டு வேறொன்றைத் தள்ளியதுமே மகள் நிமிர்ந்து பார்த்தாள்.

"இதை எங்க கத்துக்கிட்டீங்க?"

எட்டு மாதத்தில் அவள் என்னைக் கேட்ட முதல் கேள்வி. என்னை அவள் முன்பெல்லாம் நீ, வா, போ என்பாள். இந்த அறைக்கு வந்த பிறகு பஸ் கண்டக்டரிடம் பேசுவதுபோல நீங்க என்கிறாள்.

"ஆபீஸ்ல ஒரு அக்கா சொல்லித்தர்றாங்க."

"ம்" என்றாள். அன்றைக்கு முப்பத்தைந்து நிமிடம் ஆனது.

மூன்றாவது வாரம் ஐம்பது நிமிடம். ஐந்தாவது வாரம் அவள் ஒரே ஒரு நகர்த்தலுக்குப் பதினோரு நிமிடம் யோசித்தாள். முழங்கையை மேஜையில் ஊன்றி, இரண்டு கையாலும் காதுகளைப் பொத்திக்கொண்டு, பலகையைத் தின்றுவிடுகிற மாதிரி பார்த்தாள். நான் அவளைப் பார்த்தேன். நெற்றியில் புதிதாக இரண்டு பருக்கள். மோதிர விரல் நகத்தை மட்டும் கடித்துக் குதறியிருந்தாள். அவள் அம்மாவுக்கும் அதே விரல்தான். பதினோரு நிமிடம் யாரும் தடுக்காமல் என் பிள்ளையை நான் பார்த்துக்கொண்டிருந்தேன். நெஞ்சுக்குள் ஏதாவது நடக்கிறதா என்று காத்திருந்தேன். இல்லை. கால் மரத்துப்போனால் குத்திப் பார்ப்போமே, அப்படிக் குத்திப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அன்றைக்கும் தோற்றேன். அவள் புத்தகத்தை எடுக்கவில்லை. நான் எங்கே கோட்டை விட்டேன் என்று காய்களைப் பழைய இடங்களில் திருப்பி வைத்துக் காட்டினாள். "இங்க வந்துட்டு யோசிக்கக் கூடாது. இங்க யோசிச்சா போச்சு" என்றாள்.

ஏழாவது சனிக்கிழமை வந்தது. ஆட்டம் முடிந்ததும் பதினொன்றரைக்கு அதிகாரி அம்மா அவளை உள் அறைக்குக் கூட்டிப்போவதாக ஏற்பாடு. மகள் அவளுடைய சதுரங்கச் சங்கத்தில் கொடுத்த துணிப் பலகையை விரித்துக் காய்களை அடுக்கினாள். ராஜா முன்னால் இருந்த சிப்பாயைத் தள்ளினாள். நான் டிராகன்.

அக்கா சொன்ன நகர்த்தல்கள் எல்லாம் தீர்ந்து, நானே சொந்தமாக யோசிக்க வேண்டிய இடத்துக்கு வந்தபோது மணி பதினொன்று ஐந்து. அவளுடைய ஓரச் சிப்பாய் என் ராஜாவின் வாசலுக்கு வந்துவிட்டது. இன்னும் இரண்டு நகர்த்தலில் கதவை உடைப்பாள். நான் பலகையின் மறுபக்கம் பார்த்தேன். என் யானைக்கு நேர் எதிரே, வழியில் ஒரு தடையும் இல்லாமல் அந்தக் குதிரை நின்றது. வெட்டினால் அவள் சிப்பாயால் யானையை எடுப்பாள். எடுத்தால் அவள் ராஜாவுக்கு முன்னால் சுவர் இருக்காது. என் ராணியும் மந்திரியும் பாய்ந்தால் அவளால் தப்ப முடியாது. மறுபடி மறுபடி பார்த்தேன். தப்ப முடியாது. அவள் அதைக் கவனிக்கவில்லை.

யானையை எடுத்தேன். பலகையை விட்டு ஒரு அங்குலம் மேலே எழும்பியிருக்கும். அப்போது அவள் முகத்தைப் பார்த்துத் தொலைத்தேன். இன்னும் அரைமணி நேரத்தில் இவள் உள்ளே போய்ப் பதில் சொல்ல வேண்டும். இன்றைக்குப் பார்த்தா இவளைத் தோற்கடிப்பேன்? எரிச்சலோடு உள்ளே போனால் என்ன சொல்வாள்? யானையை எடுத்த இடத்திலேயே வைத்தேன். ஓரத்தில் சும்மா கிடந்த ஒரு சிப்பாயை ஒரு கட்டம் தள்ளினேன்.

அவள் பலகையைப் பார்க்கவில்லை. என் கையைப் பார்த்தாள்.

"யானையைத் தொட்டீங்க."

"கை பட்டுடுச்சும்மா."

"படல. எடுத்தீங்க. நான் பாத்தேன். தொட்ட காயைத்தான் ஆடணும்."

"சும்மா வீட்ல ஆடுற மாதிரிதானே…"

"இது வீடு இல்ல."

அதிகாரி அம்மா எழுதுவதை நிறுத்திவிட்டுப் பார்த்தார். மகள் என் சிப்பாயைப் பிடித்துப் பழைய இடத்தில் வைத்தாள். யானையைத்தானே ஆட வேண்டும், ஒரு கட்டம் பின்னால் இழுத்துவிட்டால் ஆயிற்று என்று நினைத்தேன். அவள் கண்கள் யானையிலிருந்து குதிரைக்குப் போயின. குதிரையிலிருந்து தன் ராஜாவுக்கு. முகம் வெளுத்தது. இப்போது அவளுக்கும் தெரிந்துவிட்டது.

"வெட்டுறதுக்குத்தானே எடுத்தே?" என்றாள். "ஏன் வெச்சே?"

"இல்லம்மா, அது வந்து…"

"பாவம் பாத்தியா? நான் சின்னப் பிள்ளையா? விட்டுக்குடுக்கிறியா?"

"அப்படி இல்ல…"

"அப்படித்தான்! எப்பவும் அப்படித்தான் நீ. கோர்ட்ல அந்த ஜட்ஜ் கேட்டாரு, பொண்ணு யார்கூட இருக்கணும்னு. ஒரு நிமிஷம்கூட யோசிக்கல நீ. அவங்க அம்மாகூடவே இருக்கட்டும்னுட்டே. நான் பின்னாடி பெஞ்சுல உக்காந்திருந்தேன், தெரியுமா? நீ திரும்பிக்கூட பாக்கல."

அவள் அங்கே இருந்தது எனக்குத் தெரியாது. யாரும் சொல்லவில்லை. நானும் யாரையும் கேட்கவில்லை.

"உன்னை ரெண்டு பக்கமும் புடிச்சு இழுக்க வேணாம்னுதான்மா…"

"இழுத்திருக்கலாம்ல?" என்றாள். குரல் உடைந்து கீச்சென்று வந்தது. "ஒரு தடவையாவது இழுத்திருக்கலாம்ல?"

பிறருக்குக் கஷ்டம் கொடுக்காத நல்ல மனுஷன் என்று என்னைப் பற்றி நான் நினைத்துக்கொண்டிருந்தேன். ஒரு வருடமாக அதை வைத்துத்தான் ஓட்டிக்கொண்டிருந்தேன். பன்னிரண்டு வயதுப் பிள்ளை ஒரே வார்த்தையில் அதைக் கிழித்துப் போட்டாள். வலித்தது. அம்மா, எப்படி வலித்தது! மூச்சை இழுத்தால் விலா எலும்பில் குத்தியது. அப்படியும் எனக்கு அந்த நேரத்தில் தோன்றியது, அப்பாடா, வலிக்கிறது என்றுதான்.

யானையை எடுத்தேன். குதிரையை வெட்டினேன்.

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிப்பாயால் யானையை எடுத்தாள். அவளும் விட்டுக்கொடுக்கவில்லை, நானும் விடவில்லை. ஒரு தடவை ராணியைக் கொடுத்து என்னை ஏமாற்றப் பார்த்தாள். பேராசைப்பட்டு எடுத்திருந்தால் நான் காலி. ஐந்து நிமிடம் யோசித்தேன், எடுக்கவில்லை. இன்னும் ஆறு நகர்த்தல். அவள் பலகையையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டுத் தன் ராஜாவைப் படுக்க வைத்தாள். எழுந்து நின்று கையை நீட்டினாள். தோற்றவர் கை கொடுக்க வேண்டும் என்பது அவர்கள் சங்கத்து வழக்கம். இத்தனை நாள் நான் தோற்று அப்படியே உட்கார்ந்திருப்பேன், அவளும் கேட்டதில்லை. அந்தக் கையைப் பிடித்தேன். ஒரு வருடத்துக்குப் பிறகு என் மகளின் கை. சில்லென்று வேர்த்திருந்தது, நான் நினைத்து வைத்திருந்ததைவிடப் பெரிதாக இருந்தது.

"உள்ள போகலாமாம்மா?" என்று அதிகாரி அம்மா கதவருகில் நின்று கூப்பிட்டார்.

மகள் இரண்டடி போய்த் திரும்பினாள்.

"உள்ள போய் நான் என்ன சொல்லணும்?"

உன் இஷ்டம்மா. வார்த்தை நாக்கு நுனி வரை வந்து நின்றது. ஆயுசு முழுக்கச் சொல்லிப் பழகிய வார்த்தை, தானாக வரும். பல்லைக் கடித்துக்கொண்டேன்.

"வரேன்னு சொல்லு" என்றேன். என் குரல் எனக்கே அடையாளம் தெரியவில்லை. "எனக்கு நீ வேணும். இந்த ரெண்டு மணி நேரம் பத்தாது. ஜட்ஜ்கிட்ட நானே போய்க் கேக்கப்போறேன். உங்கம்மாகூடச் சண்டை வந்தாலும் பரவாயில்ல, கேப்பேன்."

"இதை அப்பவே சொல்லித் தொலைச்சிருக்கலாம்" என்றாள். உள்ளே போனாள். கதவு சாத்திக்கொண்டது.

ஒன்பது நிமிடம். நான் காய்களைப் பையில் போடவில்லை. படுத்திருந்த வெள்ளை ராஜாவைத் தொடக்கூடப் பயமாக இருந்தது. மூக்கு ஒழுகியது, கைக்குட்டை இல்லை, சட்டைக் கையில் துடைத்துக்கொண்டேன். மேஜை மேல் அதிகாரி அம்மாவின் பேனா திறந்தபடி கிடந்தது.

வெளியே வந்ததும் அவள் நேராகப் பலகைக்குப் போய்க் காய்களைப் பொறுக்க ஆரம்பித்தாள்.

"என்ன சொன்னே?" என்று கேட்டேன்.

"வரேன்னு சொல்லிட்டேன்." துணிப் பலகையைச் சுருட்டினாள். ரப்பர் பேண்டை இரண்டு சுற்றுச் சுற்றினாள். "ஆனா எனக்குக் கோவம் போகல. ஒரு ஆட்டம் ஜெயிச்சுட்டா போயிடும்னு நினைக்காத. ரொம்பக் கோவமா இருக்கேன்."

"போக வேணாம்" என்றேன். "கோவத்தோடயே வா."